தாத்தாவின் ஷேவிங் செட்டைப் பாழாக்காமல் சுத்தம் செய்வது எப்படி?

கேள்வி: செம்பவாங் பேரன்

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்துப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்தவர். பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரைவிட்டு வெளியேறிய 1971 வரை அந்த வேலையிலேயே இருந்தார். சென்ற மாதம் பாட்டியின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்தபோது, அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றிய ஒரு பிஸ்கட் டின்னில் இரண்டு பழைய ஷேவிங் செட்டுகள் கிடைத்தன. ஒன்று தாத்தாவுடையது: மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என மூன்று துண்டாகக் கழலும், கில்லெட் நிறுவனத்தின் ‘டெக்’ வகைச் செட்டு, அடித்தட்டில் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று பொறித்திருக்கிறது. மற்றொன்று அப்பா இளம் வயதில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் வாங்கியதாம். அடிப்பிடியைத் திருகினால் தலையில் உள்ள இரண்டு கதவுகளும் வண்ணத்துப்பூச்சியின் சிறகு போல விரிய வேண்டிய அமெரிக்க கில்லெட் அது.

தாத்தாவின் செட்டில் விளிம்பு ஓரமாகப் பச்சைக் களிம்பு படர்ந்திருக்கிறது. மூடியின் உட்புறம் வெள்ளையாக ஏதோ கல் போல இறுகிக் கிடக்கிறது. கழுத்துப் பகுதியில், அவர் விரல் பிடித்த இடத்தில், வெள்ளை நிறம் தேய்ந்து மஞ்சள் உலோகம் தெரிகிறது. அப்பாவின் செட்டில் அடிப்பிடி அசையவே மறுக்கிறது. அம்மா, குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியும் பித்தளைப் பொடியும் போட்டுத் தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் பளபளக்கும் என்று கிண்ணத்தில் புளியை ஊறவே வைத்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

புளி, வினிகர் இவற்றைப் பயன்படுத்தலாமா? சிக்கிக்கொண்ட பிடியை எப்படி விடுவிப்பது? இத்தனை ஆண்டுகள் கிடந்ததை முகத்தில் வைத்து மழிக்கலாமா? இது கடையில் இருப்பது போல மின்ன வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. தாத்தாவின் விரல் தேய்த்த அந்த இடம் அப்படியே இருக்க வேண்டும். அழுக்கு மட்டும் போனால் போதும்.

மறுமொழி: பழம்பொருள் ஆர்வலர், அங் மோ கியோ

அம்மாவின் கையைத் தடுத்தது மிக நல்லது. குத்துவிளக்கு உள்ளும் புறமும் ஒரே பித்தளை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புளி போட்டுத் தேய்த்து மேலே ஒரு படலம் போனாலும், அதன் அடியில் அதே பித்தளைதான் இருக்கும். உங்கள் கையில் இருப்பதோ பித்தளையின் மேல் நிக்கல் முலாம் பூசிய பொருள். அந்த முலாமின் கனம் தலைமுடியின் கனத்தில் ஒரு சிறு பங்குதான். தேய்த்துப் போக்கிவிட்டால் வீட்டில் திரும்ப வரவழைக்க வழியில்லை.

எதைத் தொடுவதற்கு முன்னும், கையில் இருப்பது என்ன உலோகம் என்று பாருங்கள். பகல் வெளிச்சத்தில் நிக்கல் முலாம் சற்றே மஞ்சள் சாய்ந்த வெண்மையாகத் தெரியும். குரோமியம் நீலம் சாய்ந்திருக்கும். உங்கள் டெக்கின் கழுத்தில் தெரியும் மஞ்சள், தங்கம் அன்று, அடியில் உள்ள பித்தளை. டெக் வகை 1930-களின் இறுதியில் வந்து பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தது. பிற்காலத்தவை சிலவற்றுக்கு அலுமினியக் கைப்பிடி உண்டு. கையில் எடுத்தவுடன் எடையே இல்லாதது போலத் தோன்றினால் அது அலுமினியமாக இருக்கலாம். அதற்குச் சமையல் சோடாகூட ஆகாது, கறுத்துவிடும்.

அப்பாவின் செட்டில் கதவுகளுக்குக் கீழே, தலையின் அடிப்பக்கத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் தனித்தனியே பொறித்திருக்கின்றனவா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். 1950-களில் இருந்து அமெரிக்க கில்லெட்டுகளில் எழுத்து ஆண்டையும், எண் அந்த ஆண்டின் காலாண்டையும் குறிக்கும். 1955-க்கு ‘ஏ’, 1956-க்கு ‘பி’, 1960-க்கு ‘எப்’ என்று வரிசையாகப் போகும். அழுக்கு நீங்கிய பிறகுதான் பெரும்பாலும் அது கண்ணில் படும்.

இனிச் சுத்தம் செய்யும் முறை. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள், அரை மணி நேர ஊறல், மென்மையான பழைய பல்துலக்கி. தொடக்கத்தில் இவற்றுக்கு மேல் எதுவும் தேவைப்படாது. மூடியின் உட்புறத்தில் கல் போல இறுகியிருப்பது பெரும்பாலும் சவர்க்காரமும் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து உண்டான படிவு. அது ஒரே முறையில் கரையாது. ஊறவைத்துத் துலக்கி, அலசி, மறுபடியும் புதிய வெந்நீரில் ஊறவையுங்கள். இரண்டாவது முறை எடுக்கும்போது விளிம்பு சற்று நொய்ந்து பசை போல ஆகியிருக்கும். அப்போது சாத்தே குச்சி (இறைச்சி கோத்துச் சுடும் மூங்கில் குச்சி) ஒன்றின் முனையைச் சீவி, மூடியின் உட்புறத்தில் நிற்கும் முளைகளைச் சுற்றி மெல்ல நெம்பினால், சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் முழுதாகக் கழன்று வரும். என் முதல் டெக்கில் அந்த வளையம் வந்தபோது பழைய முகப்பவுடரின் வாசம் அடித்தது. அந்தச் செட்டை யாரோ காலையில் குளித்து முடித்துப் பயன்படுத்தியிருக்கிறார் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. ஊக்கு, ஊசி, கத்திமுனை எதையும் அங்கே கொண்டு போகாதீர்கள். மூங்கில் உலோகத்தைக் கீறாது.

திருகுப்பிடிக்கு, கருவியால் பிடித்துத் திருகுவதை மட்டும் செய்யாதீர்கள். குறடு பட்ட தழும்பு அந்தச் சொரசொரப்பான பிடியில் என்றைக்கும் இருக்கும். கைப்பிடியின் உள்ளே இருக்கும் தண்டும் முறுகிப் போகலாம். உள்ளே கெட்டியாகிக் கிடப்பது துருவைவிடச் சவர்க்காரமாகவே இருக்கும். செட்டைத் தலைகீழாக நிறுத்தி வெந்நீரில் ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் ரப்பர் கையுறை அணிந்து, முன்னும் பின்னுமாக மயிரிழை அளவு அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் மறுபடியும் வெந்நீர், மறுபடியும் எண்ணெய். என்னிடம் உள்ள ஒன்று ஒன்பதாம் நாள்தான் திறந்தது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். சமையல் எண்ணெய்கள் நாள்பட்டால் சிக்குப் பிடித்து, நீங்கள் எடுத்த பசைக்குப் பதிலாக வேறொரு பசையாகிவிடும்.

மறுமொழி: பிடோக் வாசி

இவ்வளவு பொறுமை தேவையா என்று தோன்றுகிறது. நான் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து கொதிக்கவைத்து அதிலேயே போட்டுவிடுவேன். பத்து நிமிடத்தில் படிவு, களிம்பு எல்லாம் போய்விடும். நான்கு செட்டுகளை இப்படித்தான் சுத்தம் செய்து தினமும் பயன்படுத்துகிறேன். இதுவரை ஒரு குறையும் இல்லை.

மறுமொழி: முலாம் பட்டறைக்காரர், ஜூரோங்

பிடோக் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முலாம் எங்கும் விட்டுப்போகாமல் முழுதாக இருந்தால், நீர்த்த வினிகர் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும், நிக்கலுக்கு உடனே பெரிய தீங்கு வராது. அவருடைய நான்கு செட்டுகளும் அப்படி நல்ல நிலையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் கேள்வி கேட்டவரின் டெக்கில் கழுத்தில் பித்தளை வெளியே தெரிகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். அங்கேதான் எனக்குக் கவலை.

நான் இருபத்து இரண்டு ஆண்டுகள் முலாம் பூச்சு வேலையில் இருந்தவன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் கரைவதில்லை; துத்தநாகம் முந்திக்கொண்டு வெளியேறும், செம்பு தங்கிவிடும். வினிகரில் ஊறிய பித்தளை சில நேரம் வெளிர் சிவப்பாக, ரோசா நிறத்தில் வெளிவருவதன் காரணம் அதுதான். அழுக்கு போய் நிறம் வந்துவிட்டது என்று சிலர் மகிழ்வார்கள். உண்மையில் அந்த இடத்தில் உலோகம் நொய்ந்துவிட்டது. அதோடு, முலாம் விட்ட இடத்தின் ஓரமாக அமிலம் உள்ளே ஊர்ந்து, நன்றாக இருக்கும் முலாமின் அடிப்புறத்தையும் தின்னும். பிறகு அது செதில் செதிலாக உரியும். புளியிலும் அமிலந்தான் இருக்கிறது, பொடியிலோ அரைக்கும் துகள் வேறு. குத்துவிளக்குக்கு ஏற்ற மருந்து முலாமுக்கு நஞ்சு.

கொதிநீரைப் பற்றி என் சொந்த இழப்பைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தங்கமுலாம் பூசிய ஒரு பழைய கில்லெட்டை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். இத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும், கிருமி போகட்டும் என்ற எண்ணத்தில் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த நீரில் போட்டேன். எடுத்தபோது மேலே பாம்புச் சட்டை போல ஒரு மெல்லிய படலம் சுருண்டு நின்றது. அக்காலத் தங்கமுலாம் செட்டுகள் பலவற்றில் முலாமைக் காக்க மேலே ஒரு நிறமற்ற மெருகெண்ணெய் பூசியிருப்பார்கள். சூடு தாங்காமல் அதுதான் உரிந்தது. விரலால் துடைத்தபோது அதனுடன் தங்கமும் சில இடங்களில் பொடியாக வந்துவிட்டது. அந்தச் செட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஆகவே தங்கநிறச் செட்டு வைத்திருப்பவர்கள் மெருகுப் பசை, பற்பசை, சமையல் சோடா, கொதிநீர் எதையும் அதன் அருகே கொண்டு போக வேண்டாம். இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் விரல் நுனியும் போதும்.

களிம்புக்கு வருகிறேன். பச்சையாக இருப்பது செம்பு அரித்து உண்டான உப்பு. முலாமில் ஊசிமுனை அளவு துளை விழுந்த இடத்தில் ஈரம் நுழைந்து, உள்ளிருந்து அது வெளியே பூக்கிறது. நம் ஊரில் ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், துணியில் சுற்றி டின்னுக்குள் வைப்பது காப்பதற்கு மாறாக ஈரத்தைப் பிடித்து வைக்கும். முதலில் எண்ணெய் தொட்ட பஞ்சால் ஒற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பெரும்பகுதி அதிலேயே துடைபட்டு வரும். மிஞ்சியதைச் சாத்தே குச்சியால் சுரண்டலாம். அதன் அடியில் ஒரு சிறு கறுப்புக் குழி தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். குழியை மெருகேற்றி நிரப்ப முடியாது. சுற்றியுள்ள முலாமைத்தான் இழப்பீர்கள்.

பிளீச் திரவத்தை யாராவது பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். அது உலோகத்தில் குழி போடும். அதை வினிகரோடு சேர்த்தால் குளோரின் வாயு வெளிவரும். காற்றோட்டம் குறைந்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

புதிதாக முலாம் பூசித் தரலாமே என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பூசலாம். ஆனால் பூசுவதற்கு முன் பழைய முலாமை முழுதாக நீக்கி, சக்கரத்தில் கொடுத்து மெருகேற்ற வேண்டும். அந்தச் சக்கரம் பொறித்த எழுத்துகளையும் கைப்பிடியின் வரிகளையும் மழுக்கும். விளிம்பு மழுங்கினால் பிளேடு உட்காரும் கோணமும் மாறலாம். விரல் தேய்த்த இடம் இருக்க வேண்டும் என்று கேட்பவருக்கு நான் ஒருபோதும் அதைச் செய்து தரமாட்டேன்.

மறுமொழி: செம்பவாங் பேரன்

அங் மோ கியோ ஐயாவுக்கும் ஜூரோங் ஐயாவுக்கும் மிக்க நன்றி. இரண்டு வார இறுதிகளை இதற்காகவே ஒதுக்கினேன்.

டெக்கின் மூடியை மூன்று முறை ஊறவைத்தேன். நீங்கள் சொன்ன சாம்பல் வளையம் இரண்டு முளைகளில் முழுதாகவும், ஒன்றில் துண்டு துண்டாகவும் வந்தது. களிம்பு போன இடத்தில் கடுகளவில் மூன்று குழிகள் இருக்கின்றன; அவற்றைத் தொடவில்லை. கழுத்தின் பித்தளைப் பகுதி மங்கிய மஞ்சளாக அப்படியே இருக்கிறது. வலக்கைப் பெருவிரலை அதில் வைத்தால் சரியாகப் பொருந்துகிறது.

அப்பாவின் செட்டு ஐந்தாம் நாள் இரவு அசைந்தது. முதலில் மணல் அரைபடுவது போன்ற சத்தம், பிறகு திடீரென்று இளகிக் கதவுகள் இரண்டும் விரிந்தன. உள்ளே துருப்பிடித்த பாதி பிளேடு ஒன்று இருந்தது. அதை எடுத்துச் சுத்தம் செய்த பிறகு ‘ஏ’ என்ற எழுத்தும் 3 என்ற எண்ணும் தெரிந்தன. அப்படியானால் 1955-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டு. அப்பா பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு.

இப்போது இரண்டு ஐயங்கள். மூடும்போது ஒரு கதவு மற்றதைவிடச் சற்று உயர்ந்து நிற்கிறது. வளைந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. மற்றொன்று, முன்பு யார் யார் பயன்படுத்தினார்களோ தெரியாத செட்டைக் கிருமிநீக்கம் செய்வது எப்படி?

மறுமொழி: செவிலியர், ஈசூன்

தம்பி, இரண்டாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். இரத்தம் வழியாகப் பரவும் கிருமிகளில் ஹெபடைட்டிஸ் பி கொஞ்சம் முரடானது. உடலுக்கு வெளியே, காய்ந்த பரப்பிலும் குறைந்தது 7 நாள்கள் தொற்றும் திறனோடு இருக்கும். பல ஆண்டுகள் டின்னில் கிடந்த உங்கள் செட்டுக்கு அந்தக் கவலை இல்லை. அண்மையில் யாரோ பயன்படுத்தியதை வாங்குபவர்களுக்கு அது பொருந்தும். எப்படியானாலும் வரிசை முக்கியம்: முதலில் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும், பிறகுதான் கிருமிநாசினி. படிவு இருக்கும் பரப்பில் ஊற்றும் மருந்து படிவின் மேல்தான் நிற்கும், கிருமியிடம் போகாது.

மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். தூய ஆல்கஹால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். அது விரைவாக ஆவியாகிவிடும், அதோடு கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும். பத்து நிமிடம் முழுக்காட்டி எடுத்துக் காற்றில் உலரவிடுங்கள், அடுப்பங்கரையில் மட்டும் செய்யாதீர்கள், எளிதில் தீப்பற்றும். தங்கமுலாமும் மெருகெண்ணெயும் உள்ள செட்டாக இருந்தால் ஆல்கஹால் அந்த மெருகெண்ணெயைக் கரைக்கலாம். அதற்குச் சவர்க்காரத்தோடு நிறுத்தி நன்றாக உலர்த்துவது மேல்.

துருப்பிடித்த பழைய பிளேடு கையைக் கீறியிருந்தால் சொல்லுங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) துருவினால் வருவதன்று. மண்ணிலும் தூசியிலும் உள்ள கிருமியால் வருவது. ஆனாலும் கடைசியாகத் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டு கடந்திருந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

மறுமொழி: பழம்பொருள் ஆர்வலர், அங் மோ கியோ

கதவு வளைந்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், அதன் கீல் மடிப்பைப் பாருங்கள். பத்தில் ஏழெட்டுச் செட்டுகளில் அங்கே மிஞ்சிய படிவுதான் கதவைத் தூக்கி நிறுத்தியிருக்கும். கதவுகளை முழுதாக விரித்து, ஒவ்வொரு மடிப்பிலும் பல்துலக்கியின் ஓர முடியை நுழைத்து வெந்நீர் ஓடவிடுங்கள். அதன் பிறகும் உயர்ந்து நின்றால், புதிய பிளேடு ஒன்றைப் போட்டு மூடி, செட்டைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து தலையின் குறுக்குப் பக்கத்தில் இருந்து நேராகப் பாருங்கள். பிளேடின் இரண்டு விளிம்பும் ஒரே அளவு வெளியே நீட்டிக்கொண்டு, கீழே உள்ள தடுப்புப் பட்டைக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் நீட்டினால் அந்தப் பக்கம் வெட்டும், மற்றது மழிக்காது. அப்படி இருந்தால் குறடு எடுத்து நிமிர்த்த முயல வேண்டாம். எழுபது ஆண்டு வயதான தகடு நெளிவதைவிட முறிவதே எளிது.

டெக்குக்கும் இதே சோதனைதான். அதில் கூடுதலாக, கைப்பிடியைத் திருகி இறுக்கும்போது பிளேடின் இரு முனைகளையும் விரலால் அடித்தட்டோடு அழுத்திப் பிடித்தால் நேராக உட்காரும். மிக இறுக்க வேண்டாம். டெக்குக்கு முந்திய கில்லெட்டுகளில் குழல் போன்ற கைப்பிடி நீளவாக்கில் விரிந்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் ஆண்டுக்கணக்காக அளவுக்கு மேல் இறுக்கியதுதான்.

பிளேடுக்கு அலைய வேண்டியதில்லை. கில்லெட் 1901-இல் நிறுவனத்தைத் தொடங்கி 1903-இல் விற்றது வெறும் 51 செட்டுகளும் 168 பிளேடுகளுந்தான். அந்த இரட்டை விளிம்புப் பிளேடின் வழிவந்ததே இன்று சிராங்கூன் சாலைக் கடைகளில் அட்டையில் தொங்குவதும். உங்கள் இரண்டு செட்டுக்கும் அது அப்படியே பொருந்தும். பழைய பிளேடைக் குப்பைச் சரிவில் தனியாகப் போடாதீர்கள். கீழே அள்ளுபவர்களின் கையைக் கிழிக்கும். காலியான கெட்டிப்பால் டின்னை முழுதாகத் திறக்காமல், மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு போட்டுச் சேர்த்துவாருங்கள். எனக்கு ஒரு டின் நிறையவே மூன்று ஆண்டாயிற்று.

மறுமொழி: பிடோக் வாசி

ரோசா நிறத்தைப் பற்றி ஜூரோங் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு என் நான்கையும் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன். ஒன்றின் கைப்பிடி அடியில் அந்த நிறம் இருக்கிறது. அதற்கு இனிச் செய்ய ஏதேனும் உண்டா?

மறுமொழி: முலாம் பட்டறைக்காரர், ஜூரோங்

போன துத்தநாகம் திரும்பாது. ஆனால் மேலும் போகாமல் காக்கலாம். இனி அமிலம் காட்டாதீர்கள்; மழித்ததும் அலசி, பிளேடைக் கழற்றி, உதறித் துடைத்து, குளியலறைக்கு வெளியே காற்றுப் படும் இடத்தில் நிறுத்தி வையுங்கள். மாதம் ஒருமுறை தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடைத்தாலே பல ஆண்டு தாங்கும்.

மறுமொழி: செம்பவாங் பேரன்

கீல் மடிப்பில்தான் இருந்தது, ஐயா. அரிசிக் குருணை அளவில் ஒரே ஒரு துணுக்கு. அது போனதும் கதவு இரண்டும் சமமாக மூடிக்கொண்டன. பிளேடு இருபுறமும் ஒரே அளவு நீட்டுகிறது. அக்கா சொன்னபடி ஆல்கஹாலில் முழுக்காட்டி உலர்த்திவிட்டேன், கையில் கீறல் எதுவும் இல்லை.

இன்று காலை தாத்தாவின் டெக்கால் மழித்தேன். அழுத்தாமல், அதன் சொந்த எடையிலேயே இழுத்தபோது தாடையில் ஒரு காயம்கூட விழவில்லை. 1955-ஆம் ஆண்டுச் செட்டை அப்பா தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா கெட்டிப்பால் டின்னில் பிளவு போட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத தட்டில் வைத்திருக்கிறார். ஊறவைத்த புளியை அன்றைக்கே இரசத்துக்கு எடுத்துக்கொண்டாராம்.